ஊசி போட்டுக்கொள், கையெழுத்துப் போடாதே

மதுரை
14 செப்டம்பர்

அன்புள்ள தேன்மொழிக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. நேற்று ராத்திரி நீ போனில் பொரிந்து தள்ளியதை எல்லாம் கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் உனக்கு வார்டிலிருந்து கூப்பாடு வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் தட்டி எனக்குப் பழக்கமில்லை. நாலு வரிக்கு மேல் போனால் விரல் இடறுகிறது. அதனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். இதை உன் அம்மாவிடம் காட்டாதே. "நல்லா இருக்கிற வேலைக்கு அக்காவே உலை வைக்கிறா" என்று என் மேல் பாய்வாள்.

நீ அனுப்பிய படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். நர்ஸ்கள் எல்லோரும் இந்த மாதக் கடைசிக்குள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்கான பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். போடாதவருக்கு அடுத்த மாதத்திலிருந்து டூட்டி கிடையாது. கடைசி வரிதான் கெட்டிக்கார வரி: 'என்னால் நோயாளிக்கு ஏற்படும் எந்தத் தொற்றுக்கும் நானே முழுப் பொறுப்பு.' இதை எழுதிய ஆள் ஒரு நாள்கூட வார்டில் நின்றிருக்க மாட்டார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசியைப் போட்டுக்கொள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. இரண்டும் வேறு வேறு சங்கதி. உங்கள் நிர்வாகம் இரண்டையும் ஒரே தாளில் கட்டிப்போட்டதால், அவர்கள் மேல் வர வேண்டிய கோபம் உனக்கு ஊசி மேல் வந்திருக்கிறது.

முதலில் ஊசி. "இருபத்தேழு வயசு, கல்லு மாதிரி இருக்கேன், எனக்கு எதுக்கு பெரியம்மா?" என்று கேட்டாய். நீ வேலை பார்ப்பது நெஞ்சு நோய் வார்டு. சக்‌ஷன் போடும்போது நோயாளி புரையேறி இருமுகிறார். அவர் முகத்துக்கும் உன் முகத்துக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இருக்காது. நெபுலைசர் மாஸ்க்கை மாட்டி, பட்டையை இழுத்துச் சரிசெய்து, அது புகைவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போகிறாய். அந்த நேரத்தில் உன் மூக்கில் இருப்பது ராத்திரி எட்டு மணிக்கு மாட்டிய அதே சர்ஜிக்கல் மாஸ்க், ஈரமாகிப் பாதி கீழே இறங்கியிருக்கும். கல்லு மாதிரி இருப்பதெல்லாம் இதற்கு ஒரு பாதுகாப்பா? 2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோது நான் தனி வார்டில் டூட்டியில் இருந்தேன். தொண்டை சாம்பிள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் ரிசல்ட் வரும்வரை, யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்றே தெரியாது. மூச்சுத் திணறி வந்தவர்களில் கிழவர்களைவிட இளவயதுக்காரர்களும் கர்ப்பிணிகளுமே என் கண்ணில் அதிகம் பட்டார்கள். அந்த வைரஸின் வாரிசு இன்றைக்கும் வருஷா வருஷம் சாதாரண ஃப்ளூவாக நம்மிடையே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று. "எனக்கு ஃப்ளூவே வந்ததில்லை" என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் நாலு ஆஸ்பத்திரிகளின் ஊழியர்கள் 518 பேரிடம் 1993-94 குளிர்காலத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த வருஷம் ஃப்ளூ ஒன்றும் கடுமையாக இல்லை. அப்படியும் 120 பேருக்கு அந்த சீசனில் வைரஸ் வந்துபோன தடயம் ரத்தத்தில் இருந்தது. அந்த 120 பேரில் பாதிக்கு மேல் தங்களுக்கு ஃப்ளூ வந்ததாகவே நினைவில்லை என்றார்கள். கால்வாசிக்கு மேல் சளிகூடப் பிடித்த ஞாபகம் இல்லை என்றார்கள். டூட்டி பார்த்திருக்கிறார்கள், கை பிடித்து பல்ஸ் பார்த்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கொஞ்சியிருக்கிறார்கள். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் வெளியே வர ஆரம்பித்துவிடும் என்பது நீ படித்ததுதான்.

வருஷா வருஷம் ஏன் என்று கேட்டாய். ஹெபடைடிஸ் பி மாதிரி மூன்று டோஸ் போட்டு, டைட்டர் பார்த்து, அப்பாடா என்று இருந்துவிட முடியாது. இந்த வைரஸ் மேலே போட்டிருக்கும் சட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை கூடி, அடுத்த சீசன் ஊசியில் எந்தெந்த வைரஸைச் சேர்ப்பது என்று சொல்கிறது. அதிலிருந்து ஊசி தயாராகிக் கைக்கு வர ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்தில் வைரஸ் வேறு பக்கம் திரும்பிவிட்டால் அந்த வருஷ ஊசி சுமாராகத்தான் வேலை செய்யும். போட்ட ஊசியின் பலமும் மாதம் ஆக ஆகக் குறையும். நன்றாகப் பொருந்தின வருஷத்திலேயே நூற்றுக்கு நாற்பதிலிருந்து அறுபதுதான் பாதுகாப்பு. அம்மை ஊசியோடு ஒப்பிட்டால் ஏழை ஊசிதான் இது. ஆனாலும் நெஞ்சு நோய் வார்டில் நிற்கிறவளுக்குப் பாதி பாதுகாப்பு என்பது லேசான விஷயமில்லை.

நமக்கு எந்த மாதம் சரி என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இந்தியாவில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒரு ஏற்றம், மழைக்காலத்தை ஒட்டி இன்னொரு ஏற்றம். தமிழ்நாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்துகொள்கிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவி, ஒரே நாளில் ஆயிரம் இடத்தில் அரசாங்கம் காய்ச்சல் முகாம் போட்டது ஞாபகம் இருக்கும். நீ அப்போது ஃபைனல் இயர். ஊசி போட்டு உடம்பு தயாராக இரண்டு வாரம் வேண்டும். அதனால் இப்போது போடுவது நல்ல நேரம்தான். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் நிர்வாகத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

இனி, நீ கேட்டதிலேயே கஷ்டமான கேள்விக்கு வருகிறேன். "நாங்க போட்டுக்கிட்டா பேஷன்ட் சாகமாட்டாங்கன்னு போஸ்டர் ஒட்டியிருக்காங்க, நிஜமா?" பாதி நிஜம், தேனு. மீதிப் பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் மூன்று தடவை, பிரான்ஸில் ஒரு தடவை, முதியவர்களை நாள்கணக்கில் வைத்துப் பராமரிக்கிற இடங்களில் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தார்கள். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1996-97 குளிர்காலம், ஸ்காட்லாந்தில் 20 முதியோர் ஆஸ்பத்திரிகள். பத்தில் ஊழியர்களுக்கு ஊசி கொடுத்தார்கள், பத்தில் கொடுக்கவில்லை. கொடுத்த இடத்திலும் ஏறக்குறைய பாதிப்பேர்தான் போட்டுக்கொண்டார்கள். சீசன் முடிந்து எண்ணிப் பார்த்தால், ஊசி கொடுக்காத ஆஸ்பத்திரிகளில் 688 நோயாளிகளில் 154 பேர் இறந்திருந்தார்கள். கொடுத்த இடங்களில் 749 பேரில் 102. சதவீதமாகச் சொன்னால் 22.4, 13.6. இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகச் சட்டைக் கையை மடிக்கும்.

ஆனால் அதே ஆராய்ச்சியில் நோயாளிகளிடம் அவ்வப்போது சாம்பிள் எடுத்தும் பார்த்தார்கள். ஃப்ளூ வைரஸ் தெரிந்தவர்கள் ஒரு பக்கம் 5.4 சதவீதம், இன்னொரு பக்கம் 6.7. கிட்டத்தட்ட ஒன்றுதான். நோயாளிகளுக்கு ஃப்ளூ வந்தது குறையவில்லை என்றால், சாவு மட்டும் எப்படி இவ்வளவு குறைந்தது? எட்டு, ஒன்பது சதவீத வித்தியாசத்துக்கு ஃப்ளூ ஒன்றே காரணமாக இருக்க வழியில்லை. எல்லாம் முதியவர்கள், ஒரு ஆஸ்பத்திரியில் மற்றதைவிடப் பலவீனமானவர்கள் அதிகம் இருந்தாலே கணக்கு சாய்ந்துவிடும். கனடாக்காரர் ஒரு குழு 2017இல் இந்த நாலு ஆராய்ச்சியையும் எடுத்து, அந்தக் கணக்கை அப்படியே அமெரிக்கா முழுக்க விரித்துப் பார்த்தது. ஊழியர்களுக்கு ஊசி போட்டதால் பிழைத்ததாகச் சொல்லப்படும் நோயாளிகள், அந்த நாட்டில் வருஷத்துக்கு ஃப்ளூவால் சாகிற மொத்தப் பேரைவிட அதிகமாக வந்தார்கள். காக்ரேன் குழுவும் 2016இல் இதே ஆராய்ச்சிகளைப் பார்த்துவிட்டு, நோயாளிக்குப் பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் முடித்தது.

இதைப் படித்துவிட்டு "அப்போ வீண் வேலைதானே" என்று குதிக்காதே. ஆதாரம் போதவில்லை என்றால் பலன் இல்லை என்று அர்த்தமில்லை. வைரஸ் உனக்கு வராவிட்டால் உன்னிடமிருந்து யாருக்கும் போகாது. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு பேர் அதனால் பிழைக்கிறார்கள் என்ற எண்ணில்தான் சந்தேகம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் தொற்று வருகிற வழி நீ ஒருத்தி மட்டுமா? பார்க்க வருகிற சொந்தக்காரர் வருகிறார், பக்கத்துக் கட்டில்காரர் இருமுகிறார், அட்டெண்டர் பாயை விரித்துக் கீழேயே தூங்குகிறார். இத்தனை வழி இருக்கும்போது 'என்னால் ஏற்படும் எந்தத் தொற்றுக்கும்' என்று உன்னிடம் எழுதி வாங்கினால், நாளைக்கு யாருக்கு நிமோனியா வந்தாலும் உன் தலையில் கட்டலாம். வைரஸுக்கு அட்ரஸ் எழுதியிருக்காது. அதனால்தான் கையெழுத்துப் போடாதே என்கிறேன்.

கட்டாயப்படுத்தலாமா என்பது இந்த ஊரில் இப்போதுதான் கிளம்புகிறது, மற்ற இடங்களில் அடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து விர்ஜினியா மேசன் மருத்துவமனைதான் 2005இல் முதலில் எல்லா ஊழியருக்கும் கட்டாயமாக்கியது. அதற்கு முன் பாதிப்பேரை ஒட்டித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டாயமானதும் 97 சதவீதத்தைத் தாண்டியது. நர்ஸ் சங்கம் எதிர்த்தது. எங்களோடு பேசாமல் இந்த விதியைக் கொண்டுவர முடியாது என்று அவர்கள் கிளப்பிய தகராறு கோர்ட் வரை போய் 2007இல் அவர்கள் பக்கம் முடிந்தது. கனடாவில் வேறு மாதிரி: ஊசி போடு, இல்லாவிட்டால் சீசன் முழுக்க மாஸ்க் போடு என்றார்கள். ஒன்டாரியோ நர்ஸ் சங்கம் இதை நடுவர் முன் கொண்டுபோனது. 2015இல் ஒரு ஆஸ்பத்திரி விஷயத்திலும், 2018இல் டொராண்டோ செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனை விஷயத்திலும், அந்த விதிக்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று தீர்ப்பு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் கொண்டுவந்த அதே மாதிரி விதியை 2019இல் அவர்களே கைவிட்டார்கள்.

கட்டாயம் என்றால் எண்ணிக்கை ஏறும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சியாட்டில்காரர்கள் அந்த ஊசியைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். உங்கள் ஆஸ்பத்திரி ஆயிரத்தைநூறு, இரண்டாயிரத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கட்டாயம் என்கிறது. 2021 ஜனவரி 16 அன்று இங்கே ராஜாஜி ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் கொரோனா ஊசியைத் தொடங்கி வைத்தபோது முதல் வரிசை நம் ஆட்களுக்குத்தான். காசும் இல்லை, கட்டாயமும் இல்லை. முதல் வாரங்களில் நிறையப் பேர் தயங்கினார்கள். என் பழைய வார்டு ஆட்களே எனக்குப் போன் போட்டு "சிஸ்டர், போடலாமா?" என்று கேட்டார்கள். கூட வேலை பார்க்கிறவள் போட்டுக்கொண்டு மறுநாள் டூட்டிக்கு வந்து நிற்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போனார்கள். சுற்றறிக்கை யாரையும் அசைத்து நான் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு ஆத்திரம் வருகிற இடம். போன வருஷம் கார்த்திகையில் உனக்கு 102 காய்ச்சல். "ஆள் இல்லை, ஒரு டோலோ போட்டுக்கிட்டு நைட்டைத் தள்ளிடும்மா" என்றார்கள் என்று நீதானே சொன்னாய்? நைட் முழுக்க நடுங்கிக்கொண்டு டிரிப் மாற்றினாய். நோயாளியின் உயிர் மேல் அத்தனை அக்கறை இருந்தால் அன்றைக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டாமா? காய்ச்சலோடு வருகிறவளை உள்ளே விடுவார்களாம், ஊசி போடாதவளை வெளியே நிறுத்துவார்களாம்! நல்ல வருஷத்திலேயே ஊசி பாதிதான் காக்கும் என்றால், மீதிப் பாதிக்கு ஒரே வழி, காய்ச்சல்காரி வீட்டில் படுத்திருப்பதுதான். அதற்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும்.

உனக்கு இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் இல்லையா? அதில் நோய்க்காலப் படி உண்டு, நாள் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் கிடையாது. ஃப்ளூவுக்கு மூன்று, நாலு நாள் படுத்தால் கைக்கு வருவது ஒன்றிரண்டு நாள் கூலியின் முக்கால் பங்குகூட இல்லை. அதற்கு டிஸ்பென்சரி வரிசையில் நின்று சர்டிஃபிகேட் வாங்க வேண்டும், 102 காய்ச்சலோடு. எந்தப் பெண் நிற்பாள்? டோலோவைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குத்தான் போவாள். இந்த ஓட்டையை ஆஸ்பத்திரிதான் அடைக்க வேண்டும். ஒரு நர்ஸுக்கு வருஷத்தில் நாலைந்து நாள் சம்பளம் என்பது அவர்களுக்கு ஒரு ஐசியூ பெட்டின் ஒரு நாள் பில்லுக்குக் காணாது.

படிவத்தில் இன்னொரு ஓட்டையும் பார்த்தேன். நர்ஸ்கள் மட்டும். டாக்டர்கள் எங்கே? கட்டிலுக்குக் கட்டில் ஸ்டெதஸ்கோப்போடு குனிகிற விசிட்டிங் கன்சல்டன்ட் எங்கே? பெட்பேன் எடுக்கிற ஆயாவும், எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரும், சளித் துணியை வாரிக் கட்டுகிற ஹவுஸ்கீப்பிங் பெண்களும் எங்கே? அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள் என்று உங்கள் எச்ஆர் சொல்வார். அந்த ஆயாவுக்கு உன்னைவிட வயது அதிகம், சர்க்கரையும் இருக்கும், பாதிச் சம்பளம். ஊசி முதலில் அவளுக்குத்தான் வேண்டும்.

ஆகவே தனியாகச் சண்டை போடாதே. உங்கள் ஃப்ளோர் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். காரசாரம் வேண்டாம், மரியாதையாகவே இருக்கட்டும். 'ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதம்' என்று முதல் வரியிலேயே எழுதிவிடு. அங்கேயே பாதி வாயை அடைத்துவிடலாம். பிறகு, செலவை ஆஸ்பத்திரி ஏற்க வேண்டும், வார்டுக்குள் வருகிற எல்லோருக்கும் போட வேண்டும், காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு வேண்டும், பொறுப்பு வாக்கியத்தை எடுத்துவிட்டு 'விவரம் சொல்லப்பட்டது, சம்மதிக்கிறேன்' என்று மட்டும் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். உடம்புக்கு ஆகாது என்று யாராவது மறுத்தால், சீசன் முழுக்க மாஸ்க் போட்டு வேலை பார்க்கட்டும், வேலை நீக்கம் கூடாது. அந்த மாஸ்க்கை ஷிப்டுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுக்காமல் ஈரமானதும் மாற்றக் கொடுக்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள். 2020இலும் 21இலும் ஊரே மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே கிடந்தபோது உலகம் முழுக்க ஃப்ளூ தேடினாலும் கிடைக்காமல் போயிற்று. பி வகையில் யமகாட்டா என்ற கிளையை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கேயும் உறுதியாகப் பார்க்கவில்லை. அதனால் இப்போது அதை ஊசியிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

எல்லாமே கிடைக்காது, எனக்குத் தெரியும். செலவும் அந்த வாக்கியமும் கிடைத்தாலே போதும் என்று இறங்கி வா. லீவை விடாமல் அடுத்த வருஷமும் கேள். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் கையை விட்டுக் காசு போட்டு ஊசியைப் போட்டுக்கொள். அந்தக் காசை நான் தருகிறேன்.

உன் கூட வேலை பார்க்கும் ஜெசிந்தாவுக்கு அஞ்சு மாதம் என்றாயே, அவளுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல். கர்ப்பிணிகளுக்கு எந்த மாதத்திலும் போடலாம், உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமை கொடுக்கச் சொல்கிற பட்டியலில் அவர்களும் இருக்கிறார்கள். ஊசி போட்டால் ஃப்ளூ வரும் என்பது சும்மா. அதில் இருப்பது செத்த வைரஸின் துண்டு. ஒரு நாள் கை வலி, மேல் வலி இருக்கும், அவ்வளவுதான். நரம்பு பாதித்துக் கைகால் விழுந்துவிடும் என்று உங்கள் குரூப்பில் சுற்றுகிறது என்றாய். அது 1976இல் அமெரிக்காவில் போட்ட பன்றிக்காய்ச்சல் ஊசியில் லட்சத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில் வந்தது, நிறுத்திவிட்டார்கள். இப்போதைய ஊசியில், இருந்தால் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு.

போடுகிற அன்று சிரிஞ்சு எங்கிருந்து வருகிறது என்று ஒரு கண் வை. ஃப்ரிட்ஜில் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். ஃப்ரீசர் பக்கம் ஒட்டி உறைந்துபோனதை ஒதுக்கச் சொல். தோளைத் தொங்கப் போட்டு உட்கார், கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு விறைக்காதே. மேலே எலும்பு முடிகிற இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நாம்தான் நமக்கென்று வரும்போது நின்றுகொண்டே பிளவுஸைத் தூக்கி எங்கேயோ குத்திக்கொள்வோம்.

உன் அம்மாவுக்கும் சர்க்கரை பத்து வருஷமாக இருக்கிறது, போன மழைக்கு இருமிக்கொண்டே கிடந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு போய் அதே நாளில் போட்டுவிடு. நான் சொன்னேன் என்று சொன்னால் வரமாட்டாள். டாக்டர் சொன்னார் என்று சொல்.

கடிதத்தை எழுதியதும் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு, திருத்தித் தருகிறேன். கொடுக்கும்போது இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போ. ஒன்றில் பெற்றுக்கொண்டதாக சீல் வாங்கி உன்னிடம் வைத்துக்கொள். தேதி போட மறக்காதே.

அன்புடன்,
பெரியம்மா